தொப்பூர்க் கணவாய்க்கு முன் ஒரு பட்டறை

எழுபதுகளின் தொடக்கம். கிருஷ்ணகிரியில் வாங்கிய பழைய அச்சு எந்திரத்தைப் புளி மூட்டைகளோடு லாரியில் ஏற்றிக்கொண்டு, ஒரு வைகாசிக் காலையில் சேலத்துக்குப் புறப்பட்டேன். லாரி, அதை ஓட்டிய அந்தோணிக்கே சொந்தம். அவர் குடும்பத்துக்கு அது ஒன்றுதான் பிழைப்பு. தருமபுரி வரை முப்பது மைல் சுகமாக வந்தோம். ஊரைத் தாண்டியதும் எஞ்சின் படபடவென்று வெடித்தது, கரும்புகை கக்கியது. அதியமான்கோட்டையில் சாலையோரப் பட்டறை ஒன்றின் முன் நின்றேவிட்டது.

அந்தோணி இறங்கவில்லை. "பக்கத்துல வேற பட்டறை இருந்தா தள்ளிக்கிட்டாவது போயிருவேங்க" என்றார்.

காரணத்தைப் பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னார். பட்டறைக்காரர் பெருமாளும் அந்தோணியும் முன்பு கூட்டாக ஒரு லாரி வைத்திருந்தார்கள். ஐந்து வருடம் முன்னால், அந்தோணி ஓட்டும்போது தொப்பூர்க் கணவாயில் அது கவிழ்ந்தது. அவருடைய இடது கை இன்னும் முழுதாக மடங்காது. கண்மண் தெரியாமல் ஓட்டினான் என்றார் பெருமாள். பெருமாள் பிரேக்கைச் சரியாகப் பழுது பார்க்கவில்லை என்றார் அந்தோணி. அன்றோடு பேச்சு நின்றது.

பெருமாள் எஞ்சினைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "புகை போற மேனிபோல்டு விரிசல் விட்டிருச்சுங்க. பிஸ்டன் ரிங்கும் போயிருக்கும். முழுசா பிரிக்கணும்னு அவருகிட்ட சொல்லுங்க."

நாலடி தள்ளி நின்ற அந்தோணி என்னிடம், "பிரிக்கச் சொல்லுங்க" என்றார்.

எந்திரத்தை விட்டுப் போக மனமில்லாமல் நானும் தங்கினேன். சாலையோரக் கடையில் களியும் கீரைக் குழம்பும் நாற்பது காசு.

மறுநாள் அந்தோணி பஸ் ஏறிச் சேலம் போய், லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் வாங்கிவந்தார். மேனிபோல்டு மட்டும் கிடைக்கவில்லை. பெருமாள் வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு பட்டறையின் பின்பக்கம் காட்டினார். வேலிமுள்ளுக்கு நடுவே, முகப்பு நசுங்கி, கவிழ்ந்த அதே லாரி.

"அதோடது இதுக்குச் சேரும்ங்க. ஆனா அதுல பாதி அவருது. கேட்டுட்டுத்தான் கழட்டுவேன்."

அந்தோணி அதன் அருகே போனார். நசுங்கிய கதவில் கை வைத்தபடி நின்றார். திரும்பி வந்தபோது என்னைப் பார்க்கவில்லை.

"கழட்டிக்கங்கண்ணா."

அடுத்த நாள் எஞ்சினைப் பூட்டி முடித்து, மேனிபோல்டைப் பொருத்தினார்கள். கனத்த இரும்பு வார்ப்பு. அந்தோணி தோள் கொடுத்துத் தாங்க, பெருமாள் நட்டுகளை முடுக்கினார்.

"இன்னும் கொஞ்சம் மேல."

"போதுங்களாண்ணா?"

"புடி, புடி. விட்றாத."

நடுவில் நான் தேவைப்படவில்லை.

எஞ்சின் உறுமி, பின் சீரானது. இணைப்புகளின் அருகே பெருமாள் உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தார். எங்கும் புகை கசியவில்லை. பிறகு, யாரும் கேளாமலே லாரிக்கு அடியில் நுழைந்து எல்லாச் சக்கரத்து பிரேக்கையும் பார்த்தார். வெளியே வந்து சட்டையை மாட்டிக்கொண்டு, எங்களோடு ஏறி உட்கார்ந்தார். அந்தோணி வண்டியைக் கிளப்பினார்.

கணவாயில் இரண்டாம் கியரிலேயே இறங்கினோம். ஒரு வளைவில் இருவரும் ஒரே பக்கம் பார்த்தார்கள். அடிவாரத்தில், திரும்பும் பஸ்ஸுக்காகப் பெருமாள் இறங்கிக்கொண்டார்.

"சூடாகி ஆறுனா நட்டு தளரும். திரும்பி வர்றப்ப ஒருக்கா இறுக்கணும். நின்னுட்டுப் போ."

"வர்றேங்கண்ணா."

சேலத்தில் எங்கள் தெருவில் ஒரு சண்டை வந்தால், தப்பு யாருடையது என்று தீராமல் ஒருவர் வீட்டில் ஒருவர் காப்பி குடிக்க மாட்டார்கள். அந்தக் கணவாயில் தப்பு யாருடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர்களுக்கும் தெரிந்திருக்காது.