மேட்டு வயலின் சராசரி

பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு வயலைத் தேர்ந்தெடுப்பது குலுக்கலில் வரும் எண்தான், மனிதர்கள் அல்ல. எந்தப் புல எண் வருகிறதோ, அந்த வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அறுத்து, அடித்து, நெல்லை நிறுக்க வேண்டும். பயிர் மோசம் என்பதற்காக வயலை மாற்றக் கூடாது. ஓய்வு பெறும்வரை புள்ளியியல் துறையில் இந்த விதியைப் பாடமாக எடுத்தவன் நான்.

அந்த ஆண்டு மார்கழி மழையில் வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர்ச் சம்பா மூழ்கியது. குலுக்கலில் வந்தது எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் குத்தகைக்குப் பயிரிட்ட வயல். பரிசோதனை முடிந்த மாலை அவர் என் வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே அவர் மனைவியும்.

"எந்த வயல்ல அறுத்தாங்க?" என்று கேட்டேன்.

"ரோட்டோர மேட்டு வயல்ல சார். நாந்தான் கூட்டிட்டுப் போனேன்."

"நம்பர் வந்தது உன் வயலுக்குல்ல?"

"அது அழுகி நாறிக் கெடக்கு சார். ஜில்லாவுலேருந்து ஆபீசர் வந்திருக்காங்க, அதையா காட்டுறது? ஊர் மானம் என்னாவுறது?"

"மானம் ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை கண்டுச்சு?"

"நல்லா கேளுங்க சார்," என்றார் மனைவி. "பொண்ணு பாக்க வந்தவங்களுக்கு அடுத்த வீட்டுப் பொண்ணைக் காட்டிட்டு வந்திருக்காரு."

அறுத்தபோது விதி தெரிந்த இரண்டு அதிகாரிகள் வயலில் இருந்தார்கள். முழங்கால் தண்ணீரில் இறங்காமல் வேலை முடிந்ததில் அவர்களுக்கும் நிம்மதி. படிவத்தில் புல எண் மட்டும் அவருடையது. நெல் மேட்டு வயலுடையது. அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நீடாமங்கலத்தில் வேலை பார்த்தபோது நானும் அப்படி ஒரு வரப்பில் டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவன்தான்.

அந்த எடை ஊரின் சராசரியானது. விளைச்சல் நன்று என்று ஆனதால் ஊரில் ஒருவருக்கும் பயிர்க் காப்பீடு கிடையாது. எண் அதோடு நிற்காது. மாவட்டம், மாநிலம் என்று ஏறி டில்லி போகும். அரிசிக் கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பலாமா என்று அங்கே முடிவெடுப்பார்கள். அதை நம்பி அரிசி வாங்கும் நாடுகளும் கணக்குப் போடும். அழுகிய பயிர் மட்டும் எந்தக் கணக்கிலும் இல்லை.

காப்பீடு வந்தால்தான் பக்கத்து வீட்டுக்காரருக்கு அடுத்த போகம். நில உடைமையாளர் சிங்கப்பூரில் இருந்தார். குத்தகைப் பாக்கிக்கு ஆனி வரை பொறுப்பதாகப் போனில் சொன்னார். எந்த வயலில் அறுத்தீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் நான் மனுப் போட்டேன். முப்பது நாளில் பதில் தர வேண்டும். வரவில்லை. மேல்முறையீடு செய்தேன். "உங்க எழுத்துக்கு வராமப் போவுமா சார்?" என்று அவர் வாரம் ஒரு முறை வந்து கேட்பார். ஆனி முடிந்தது. குத்தகை வேறொருவருக்குப் போனது. பக்கத்து வீட்டுக்காரர் குடும்பத்தோடு திருப்பூருக்குப் பஸ் ஏறினார்.

மதிப்பீடு இறுதி செய்யப்பட்டுவிட்டதால் திருத்த இயலாது என்ற பதில், ஆடி இருபதாம் தேதி வந்தது.