கரோல்காரருக்கு வீட்டில் ஆளில்லை

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து பேச்சுப் போய்விட்டது. முழுதாகப் போயிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன். ஒரேயொரு சொல் மிஞ்சியது. அதுவும் கெட்ட சொல். நாற்பது வருடம் மாதா கோயிலில் பாடகர் குழுவை நடத்தி, எல்லோருக்கும் மாஸ்டராக இருந்த மனிதர், எங்களை ஒருநாளும் தூசணத்தில் ஏசாதவர், இப்போது தேத்தண்ணீர் கேட்பதற்கும் அதைத்தான் சொன்னார். மின்விசிறியை நிறுத்தவும் அதுதான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸி, பழகின பாட்டுகளைப் போட்டுவிடச் சொன்னார். பேச்சு வராதவர்களுக்கும் சிலவேளை பாட்டு வருமாம். நத்தார் நெருங்கிய நேரம். போனில் பாலன் பிறப்பைப் பாடும் பழைய நத்தார்ப் பாட்டுகளாகத் தேடிச் சேர்த்தேன். இப்போதைய பாட்டுகளின் வேகத்துக்கு அப்பாவின் நாக்கு ஓடாது. நாலு குரலில் ஆறுதலாகப் பாடுகிறவை வேண்டும். முதற்பாட்டின் பாதியில் அப்பா சேர்ந்துகொண்டார். அடிக்குரல். ஒரு சொல் பிசகவில்லை. நான் குசினிக்குள் ஓடிப்போய் வெங்காயம் உரித்தேன். சமையல் முடிந்து இரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது.

பாட்டு நின்றதும் என்னைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னார். நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு கோயிலிலிருந்து தகவல் வந்தது. இந்தமுறை கரோல் முதலில் மாஸ்டர் வீட்டுக்குத்தான், ஃபாதரும் வருகிறார். கரோல் வரும் நாள் பின்னேரம் நாலு மணிக்கே அப்பா வெள்ளைச் சட்டையைக் கைகாட்டி வாங்கிப் போட்டுக்கொண்டு ஜன்னலடியில் இருந்துவிட்டார். வீட்டுக்கு முன்னால் ஒழுங்கையில் கணுக்காலளவு மழைத்தண்ணீர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஃபாதர் சுகம் விசாரிப்பார், அப்பா பதில் சொல்வார், எங்கள் வாவிக்கரை ஊர் முழுக்கச் சிரிக்கும். ஊரில் பகிடிக்காரன் என்று பெயரெடுத்தவன் நான். என்னைப் பார்த்துச் சிரித்தால் இன்னும் கொஞ்சம் ஆடிக் காட்டுவேன். அப்பாவைப் பார்த்துச் சிரிப்பதை நினைக்க முடியவில்லை.

ஆறரைக்கு ஒழுங்கை முனையில் கரோல்காரர் ஏறிவரும் லேண்ட்மாஸ்டர் உழவு மெசினின் சத்தம் கேட்டது. ஜன்னலைச் சாத்தினேன். விளக்குகளை அணைத்தேன். கதவுக்குக் கொண்டி போட்டேன். வாசலில் கிடந்த செருப்புகளைக்கூட உள்ளே அள்ளினேன்.

"உங்களுக்கென்ன விசரா?" என்றாள் மனைவி.

"ஆளில்ல எண்டு போகட்டும். சத்தம் போடாத."

நாற்பத்தெட்டு வயதில், அலுமாரிக்குப் பின்னால், செருப்புகளை நெஞ்சோடு அணைத்தபடி குந்தியிருந்தேன். அப்பா இருட்டில் சாத்திய ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு தரம் கூப்பிட்டார்கள். பதிலில்லை என்றதும் போகாமல், மழைக்குள் நின்றபடியே பாடத் தொடங்கினார்கள். அடிக்குரலுக்கு அவர்களிடம் ஆளில்லை, கேட்டாலே தெரிந்தது. அது வரவேண்டிய இடத்தில் எங்கள் வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

வெளியே பாட்டு ஒருகணம் தடுமாறி, முன்னையைவிடப் பலமாக எழும்பியது. மனைவி விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்தாள். செருப்புகளோடு நான் அகப்பட்டேன்.

பாட்டு முடிய ஃபாதர் அப்பாவின் கையைப் பிடித்துச் சுகம் விசாரித்தார். அப்பா வாயைத் திறந்தார். நான் பாய்ந்து அடுத்த பாட்டைத் தொடங்கினேன். எனக்கும் சுருதிக்கும் கதைபேச்சில்லை. எல்லோரும் பாவம் பார்த்துச் சேர்ந்தார்கள். அப்பா சேரவில்லை. முடியும்வரை பொறுத்திருந்து, ஃபாதரைப் பார்த்து அந்தச் சொல்லை வெகு தெளிவாகச் சொன்னார்.

 முப்பது வருடம் அவரிடம் பாடிய அக்கா ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு முன்னே வந்தார்.

"ஓம் மாஸ்டர், நாங்களும் சுகந்தான். இந்த மழதான் விடுதில்ல" என்றார்.

அப்பா தலையாட்டினார். ஃபாதரும் மழையைப் பற்றிக் கதைத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. போகும்போது அக்கா என் பக்கம் குனிந்தார்.

"கதவ ஏன் தம்பி பூட்டின நீ? அந்த மனிசன் எங்களத்தானே பாத்துக்கிட்டு இருந்திருக்கார்."

அள்ளின செருப்புகளைத் திரும்ப வாசலில் வைத்தேன். 

இப்போதும் அந்தப் பாட்டுகளைப் போட்டுவிடுகிறேன். நான் பக்கத்தில் இருந்தால் அப்பா வாய் திறப்பதில்லை. வெளியே போனதும் பாடுகிறாராம், மனைவி சொல்கிறாள். அந்தச் சொல்லைப் பூனைக்குச் சொல்கிறார். ரீவியில் செய்தி வாசிக்கிறவருக்கு இரண்டு தரம் சொல்கிறார். கதவைப் பூட்டின அன்றிலிருந்து எனக்கு மட்டும் சொல்வதில்லை. நேற்றும் தேத்தண்ணீரைக் கொடுத்துவிட்டு, ஏதாவது சொல்வார் என்று முன்னாலேயே நின்றேன். ஆறுதலாகக் குடித்தார். கோப்பையை என் கையில் தந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.