பார்க்கத்தான் திறந்தேன்

வலியசாலையில் எங்கள் அக்ரஹாரத் தெருவில் எந்த வீட்டுக்குள்ளும் முட்டை வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தது. ஒன்றல்ல, ஆறு. கொண்டுவந்தவள் என் மகள். பள்ளிக்கூடத்தில் கோழி வளர்க்க ஒரு கிளப் இருக்கிறதாம். ஓணம் விடுமுறையில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்குமாம், அடைவைத்த முட்டைகளை யாராவது வீட்டில் வைத்துக் காப்பாற்ற வேண்டுமாம். ‘நான் கொண்டுபோறேன் டீச்சர்’ என்று கையைத் தூக்கியவள் இந்தப் புண்ணியவதி.

நான் தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலில் மடைப்பள்ளி வேலை செய்பவன். காலையும் மாலையும் கிணற்றடியில் குளித்து, தனிக்கொடியில் உலர்த்திய வேட்டியைக் கட்டிக்கொண்டு போய் நைவேத்தியம் செய்ய வேண்டும். குளித்த பிறகு எதையும் தொடக்கூடாது, யார் மேலும் படக்கூடாது. அப்படிப்பட்டவன் வீட்டு வாசலில் அவள் ஒரு தெர்மாகோல் பெட்டியோடு வந்து நின்றாள். மீன் வந்த பெட்டி. எத்தனை கழுவினாலும் அந்த வாடை போகுமா? தெருவே எட்டிப் பார்க்கும்படி கத்தினேன்.

“நீ கத்தறதுல முட்டை குளுந்து போயிடும்ப்பா. பிளக் பாயிண்ட் எங்கேன்னு சொல்லு” என்றாள்.

கடைசியில், கொல்லைப்பக்கம் வாஷிங் மெஷின் இருக்கும் ஓட்டுச் சாய்ப்பில் வைத்துக்கொள்ளலாம், உள்ளே கொண்டுவரக் கூடாது, தொட்டால் குளிக்க வேண்டும் என்று ஒரு சமாதானம் ஏற்பட்டது. பெட்டிக்குள் ஒரு பல்பு, ஒரு கிண்ணத்தில் தண்ணீர், மேலே மூடியாக ஒரு கண்ணாடி. அவ்வளவுதான் அவளுடைய கோழி. ஒரு சாயங்காலம் போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு முட்டையாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஐந்தை ஓரமாக எடுத்து வைத்தாள். ஒன்றில் மட்டும்தான் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிப் போயிற்று. எனக்கே பாவமாக இருந்தது.

திருவோணத்துக்கு முந்திய அந்த வாரம் என் மனைவியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். காலையில் போனால் கடை அடைத்துத்தான் வருவாள். ஆகவே முட்டையில் விரிசல் கண்ட அன்று காலை வீட்டில் நானும் மகளும் மட்டும்தான். மிளகளவுக்கு ஒரு விரிசல். காதை வைத்துக் கேட்டால் உள்ளேயிருந்து ‘கீச் கீச்’ என்று சத்தம். அவள் சாய்ப்பிலேயே குதித்தாள். ஆனால் அன்று அவளுக்கு டியூஷனில் பரீட்சை, போகாமல் முடியாது. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

“அப்பா, மூடியைத் தொறக்கப்பிடாது, கேட்டியா. உள்ள இருக்கற ஈரம் போயிடும். என்ன ஆனாலும் தொறக்காதே.”

“அந்த மீன் பெட்டியை நான் எதுக்குடி தொறக்கறேன்? எனக்கு வேற வேலையில்லையா?”

வேறு வேலை இல்லை. அதுதான் வினை. காலை நைவேத்தியம் முடிந்துவிட்டது, சாயங்காலம் வரை சும்மா. பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கண்ணாடி உள்பக்கமாக வேர்த்துக் கிடந்தது. ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது. விரிசல் பெரிதாயிற்றா, மூக்கு வெளியே வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? லேசாகத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே பழுப்பாக ஒரு சின்ன மூக்கு துடித்தது. அடடா! மூடிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தூக்கினேன். ஒருதடவை, இந்தக் கண்ணாடி ஏன் இப்படி வேர்க்கிறது என்று எரிச்சல் வந்து, தோளில் கிடந்த துண்டால் உள்பக்கத்தை நன்றாகத் துடைத்தும் வைத்தேன். அப்புறம் எத்தனை தடவை திறந்தேன் என்று எனக்கே கணக்கில்லை.

முட்டையை நான் தொடவில்லை. அதைத்தான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். தொட்டால்தான் தீட்டு, பார்த்தால் என்ன வந்தது? என் பிழைப்பே இந்த ஒரு விதியில்தான் ஓடுகிறது. தொடாமல் இருந்துவிட்டால் எதுவும் கெடாது என்று நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தேன். இத்தனைக்கும், கொழுக்கட்டை வேகும்போது யாராவது மூடியைத் திறந்துவிட்டால் ‘ஆவி போச்சே, மண்டூகமே!’ என்று ஊரைக் கூட்டுகிறவன் நான்தான். அந்த அறிவு அன்றைக்கு எங்கே போயிற்றோ.

மகள் மத்தியானம் வந்தாள். பையைக்கூடக் கழற்றாமல் நேரே சாய்ப்புக்குப் போனாள். கண்ணாடியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கத்தித்தா அப்பா?”

“ஓ, கத்திண்டேதான் இருந்தது.”

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு சத்தம் குறைந்துகொண்டே வந்தது. விரிசல் காலையில் இருந்த அளவிலேயே நின்றுவிட்டது. டீச்சருக்குப் போன் பண்ணினாள். ஓட்டுக்கு உள்ளே இருக்கும் சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும், தானாக வராது, வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உரிக்க வேண்டும், ஒருவர் முட்டையை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார்களாம். நான் அப்போதுதான் கிணற்றடியிலிருந்து வந்து கோயில் வேட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

“அப்பா, ஒரு நிமிஷம் வந்து பிடிச்சுக்கோ. என் கை நடுங்கறது.”

“நான் குளிச்சாச்சுடி.”

“பின்னேயும் குளிச்சா ஆகாதா?”

ஆகும். கிணறு அங்கேயேதான் இருந்தது. இரண்டு வாளி தண்ணீர், அவ்வளவுதான். கோயில் நடை திறக்கவும் நேரம் இருந்தது. ஆனால் அவள் சொன்னது காய்ந்த சவ்வு. காய வைத்தவன் யார் என்று எனக்குத் தெரியும். கிட்டே போய் அதைப் பார்க்கத் தைரியமில்லை. தைரியம் இல்லாதபோது எனக்குக் கோபம்தான் வரும்.

“பிள்ளையாரைப் பட்டினி போட்டுட்டுக் கோழிக்குப் பிரசவம் பாக்கச் சொல்றியா? உயிர் இருந்தா தானா வெளியே வரும்!” என்று கத்திவிட்டு வாசலில் இறங்கினேன். அவள் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அன்று அவலில் வெல்லம் போட்டேனா, உப்புப் போட்டேனா, பிள்ளையாருக்குத்தான் வெளிச்சம்.

திரும்பி வந்தபோது குஞ்சு வெளியே வந்திருந்தது. பஞ்சின் மேல், ஊறிப்போன பழைய துணி மாதிரி கிடந்தது. கண் திறக்கவில்லை. ஒரு கால் ஒழுங்காக மடங்கியிருக்க, மற்றது பக்கவாட்டில் விலகிக் கிடந்தது. என் மகளின் விரலிலும் பாவாடையிலும் ரத்தம். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“ரத்தம் வந்துடுத்துப்பா. நான்தான் அவசரப்பட்டுட்டேன். என் கை ஆடிடுத்து. கால் அதனாலதான் இப்படி ஆயிடுத்து.”

‘இல்லைடி, இது நான் செய்தது’ என்று சொல்ல வேண்டிய இடம் அது. நான் சொன்னது என்ன தெரியுமா? “சரி, போனாப் போறது. அழாதே.” ஏதோ அவளை நான் மன்னித்துவிடுவது போல! இப்போது நினைத்தாலும் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. கரண்ட் போயிற்று. பல்பு அணைந்தது. “அப்பா, சூடு இல்லாட்டி செத்துப் போயிடும்” என்று அவள் அலறினாள். அதற்குப் பிறகு நான் எதையும் யோசிக்கவில்லை. அதை எடுத்தேன். என் வாழ்நாளில் முதல்முறையாக அப்படி ஒரு ஜீவனைக் கையில் எடுத்தேன். கோயில் வேட்டியோடு. மேல்துண்டில் பொதிந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். ஒன்றுமே இல்லாதது போல அவ்வளவு லேசாக இருந்தது. என் நெஞ்சு அடித்துக்கொண்டதில் அதன் துடிப்பு எது, என் துடிப்பு எது என்று தெரியவில்லை. செத்துத் தொலைக்காதே, என்னைப் பாவியாக்காதே என்று அதனிடம் முணுமுணுத்துக்கொண்டே நின்றேன். அந்த வேண்டுதலில்கூட எனக்கு என் கவலைதான்.

மனைவி நனைந்துகொண்டு வந்தாள். போன் வெளிச்சத்தை என் மேல் அடித்தாள்.

“என்னத்தைக் கட்டிண்டு நிக்கறேள்?”

“கோழி.”

“கோயில் வேஷ்டியோடயா?”

“ஆமாம்.”

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொண்டுவந்தாள். மகள் திரியை நனைத்து மூக்கோரத்தில் ஒரு சொட்டு வைத்தாள். அது உள்ளே போயிற்று. இன்னொரு சொட்டு. அதுவும் போயிற்று.

பொழுது விடிவதற்கு முன் கோயில் மேனேஜருக்குப் போன் பண்ணினேன். குஞ்சைக் கீழே வைத்துவிட்டுக் குளித்துப் போக மனசு வரவில்லை. வேறு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

“வர முடியாது. ஆத்துல பிறப்புத் தீட்டு.”

“அப்படியா சுவாமி! யாருக்காக்கும் பிரசவம்?”

“நெருங்கின உறவு” என்றேன்.

பிறப்புத் தீட்டு என்றால் பத்து நாள் கோயிலுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. அது வாயிலிருந்து விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மேனேஜர் உடனே வேறு ஆளை ஏற்பாடு செய்துவிட்டார். பத்து நாளும் வீட்டில் உட்கார்ந்தேன். மகள் இரண்டு காலையும் சேர்த்துப் பிளாஸ்திரி ஒட்டினாள், கால் சேருமா என்று பார்க்க. நான் துண்டுக்குள் வைத்துச் சுமந்தேன், குருணையை நுணுக்கி வைத்தேன், தண்ணீர் காட்டினேன். குஞ்சு காய்ந்து, மஞ்சளாகப் புசுபுசுவென்று ஆயிற்று. கண் திறந்து என்னைத்தான் முதலில் நன்றாகப் பார்த்திருக்க வேண்டும். கொல்லையில் நான் எங்கே நடந்தாலும் பின்னாலேயே வந்தது. என் குரல் கேட்டால் ஓடிவந்தது. ஓடினது என்றா சொல்வேன்? அந்தக் கால் சேரவே இல்லை. இழுத்து இழுத்து வந்து என் கட்டைவிரல் மேல் ஏறிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் யாரோ என் கன்னத்தில் அறைந்தது மாதிரி இருந்தது.

“உங்களைத்தான் அம்மான்னு நெனைச்சிண்டிருக்கு” என்று மனைவி சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. அவள் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று குஞ்சைக் கொண்டுபோய் விட நானும் கூடப் போனேன். கோழிக் கூண்டருகே டீச்சர் அதைத் தூக்கிப் பார்த்து, “அய்யோ, காலினு எந்து பற்றி மோளே?” என்று கேட்டார்கள். காலுக்கு என்ன ஆயிற்று என்று. நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். வாய் இருந்தது, நாக்கும் இருந்தது.

“ஞான் பொளிச்சப்போ பற்றியதா டீச்சர்” என்றாள் மகள். நான் உரித்தபோது ஆனது என்று. எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால், தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

கூண்டுக்குள் விட்டதும் குஞ்சு மற்றக் குஞ்சுகளிடம் போகவில்லை. கம்பி வரைக்கும் காலை இழுத்துக்கொண்டு வந்து, என்னைப் பார்த்துக் கத்தியது. நான் அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். மகள் பள்ளிக்கூட கேட் வரைக்கும் கூட வந்தாள். அங்கேதான் எனக்கு வாய் வந்தது.

“மூடியைத் தொறந்தது நான்தான்டி. உன் கையில ஒரு தப்பும் இல்லை. நான்தான் தொறந்து தொறந்து பார்த்தேன்.”

“தெரியும்” என்றாள்.

“தெரியுமா?”

“நான் வந்தப்போ கண்ணாடி பளிச்சுன்னு இருந்ததேப்பா. உள்பக்கம் உன் துண்டு நூல் ஒட்டிண்டிருந்தது.”

கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“தெரிஞ்சுமா ஒண்ணும் சொல்லலை?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“அதனாலதான் அன்னிக்கு முட்டையை உன்னை வந்து பிடிச்சுக்கச் சொன்னேன்” என்றாள்.

மணி அடித்தது. அவள் உள்ளே ஓடினாள். கூண்டுப் பக்கத்திலிருந்து அது இன்னும் கத்திக்கொண்டிருந்தது.