சிரிக்காத தேயிலைக்காரி

பட்டுத்திரை அச்சில் மை ஒரு நாளில் உலர்ந்துவிடும். படத்தைப் பற்றிய கேள்விகள் உலர்வதில்லை. பிறருடைய வேலைக்குப் பதில் சொல்லிக் களைத்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

முதலில் அறிய வேண்டியவை: ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்திரை உண்டு. நிறங்கள் பிசகாமல் விழுவதற்காகத் தாளின் நான்கு மூலைகளிலும் கூட்டல் குறிகள் இடப்படும். பின்பு அந்த ஓரம் வெட்டப்படும். யாழ்ப்பாணத்தில் இலக்கணம் கற்பித்த நான், மொன்றியலில் ஓர் அச்சுப் பட்டறையில் அந்தப் பிசகைப் பார்க்கும் வேலை செய்கிறேன். பட்டறைக்காரர் ரமோன், லொஸ் ஏஞ்சலிஸில் பிறந்த மெக்சிக்க வம்சாவளியினர். தம்மைச் சிக்கானோ என்பார். கடைப்பொருள்களின் பெட்டிப் படங்களை எடுத்து மாற்றி அச்சிடுபவர். அண்மையில், தேயிலைப் பெட்டியொன்றில் கூடையுடன் சிரித்து நின்ற பெண்ணை எடுத்தார். சிரிப்பை மட்டும் நீக்கினார்.

ராணி அக்காவின் சந்தேகம்

மகளின் கல்யாண அழைப்பிதழுக்காகப் பியர்பொன்ட்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறிப் பட்டறைக்கு வந்த ராணி அக்கா, அழைப்பிதழை மறந்து அந்தப் படத்தையே பார்த்திருந்தார். பிறகு ரமோனைச் சாடையாகக் காட்டிக் கேட்டார்: "பெட்டியில சிரிச்சுக்கொண்டெல்லோ நிண்டவள். இந்த மனுசன் அவளுக்கு என்ன சொன்னவர்?"

கம்பனியின் ஆள்

படம் ஒரு காட்சிக்கூடத்தில் தொங்கியது. தேயிலைக் கம்பனியின் ஆள் வந்து, அது தங்கள் படம், இறக்குங்கள் என்றார். அதை இறக்கினால் ரமோனின் மற்றப் படங்களும் ஒவ்வொன்றாக இறங்கவேண்டி வரும். எல்லாமே பெட்டிகளிலிருந்து வந்தவை. காட்சிக்கூடப் பொறுப்பாளர் விளக்கம் கேட்டார். ரமோன் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "என் அம்மா கலிபோர்னியாவில் திராட்சை பறித்தவர். பெட்டியில் சிரித்த பெண்ணை அவர் தோட்டத்தில் ஒருநாளும் கண்டதில்லை. எடுத்தேன், மாற்றினேன், அதுதான் என் வேலை."

லவாலில் நாலு சிலுவை

பொறுப்பாளர் யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில், அதே முகம் பக்கத்து நகரான லவாலில் ரீசேட்டுச் சட்டைகளில் விற்கப்படுவதாக அறிந்து மெற்றோ ஏறினேன். விற்றவர் மன்னார் ஜூட். மை வாங்கப் பட்டறைக்கு வந்தபோது, உலரத் தொங்கிய வெட்டாத தாளைப் போனில் படம்பிடித்திருக்கிறார். கூட்டல் குறிகளையும் விடாமல் அச்சிட்டிருந்தார். அவை வெட்டி எறியப்பட வேண்டியவை என்றேன்.

"வெட்டுறதோ, ரீச்சர்? நாலு மூலையிலும் சிலுவை இருக்கெண்டுதான் கோயிற்சனம் வாங்குது. ஃபாதரும் ஒண்டு எடுத்தவர்."

இது களவு என்றேன்.

"அவர் பெட்டியில எடுத்தா கலை, நான் அவரிட்ட எடுத்தா களவோ?"

ரமோனின் கேள்வி

நடந்ததைச் சொன்னேன். ஜூட்டின்மேல் முறையிட்டால், கம்பனியின் ஆள் அதே சொற்களை ரமோனிடமே திருப்பிச் சொல்வார். அது அவருக்கும் விளங்கியது. ஏற்கெனவே சுத்தமாயிருந்த திரையை மீண்டும் துடைத்துவிட்டுக் கேட்டார்: "சிரிப்பைத் திரும்ப வைத்தாரா?"

இல்லை என்றேன்.

"அப்படியானால் விடுங்கள்."

பின்னர் முடிவானவை: படம் இறக்கப்படவில்லை, தேயிலைப் பெட்டியிலிருந்து எடுத்து மாற்றப்பட்டது என்ற குறிப்பொன்று அருகில் வைக்கப்பட்டது. ஜூட் ரமோனின் பெயரைச் சேர்த்தார், ரீசேட்டின் உட்புறத்தில். கம்பனியின் பெட்டியில் அவள் இன்னும் சிரிக்கிறாள். ஒரு முகத்துக்கு மூவர் உரிமை கோரினார்கள். தேயிலை பறித்தவள் யாரென்று மட்டும் எவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.