புதன்கிழமைகளில் மட்டும் குடித்த ஜீப்

அடுப்பில் பாலைப் பார்த்துக்கொள்வதும் ஜீப்புக்குப் பெட்ரோல் பார்த்துக்கொள்வதும் ஒரே உத்தியோகம்தான். கொஞ்சம் திரும்பி நின்றால் போச்சு. வண்டி இருக்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்ட சகோதரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எண்பதுகளின் தொடக்கம். நாமக்கல் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில் ஒரு பழைய பெட்ரோல் ஜீப் இருந்தது. லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது, ஒரு வருஷத்தில் ஐந்துக்கு இறங்கிவிட்டது. "தைக்குள்ள எட்டு வரலீன்னா வித்துப்போடறேன் புள்ள. கெங்கவல்லிக்காரர் ஒருத்தரு கேட்டுட்டே இருக்காரு" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கென்ன, மோட்டார் சைக்கிள் இருக்கிறது. என் அப்பாவோ பக்கவாதம் வந்து, பேச்சும் போய், ஆட்டையாம்பட்டியில் அண்ணன் வீட்டில் கட்டிலில் கிடந்தார். புதன்கிழமைதோறும் போய் என் கையால் ஒரு வேளை சாதம் ஊட்டிவிட்டு, பிள்ளைகள் பள்ளி விட்டு வருவதற்குள் திரும்பிவிடுவேன். இரண்டு பஸ் மாறிப் போனால் இது நடக்குமா? கான்வென்ட் சிஸ்டர்கள் எனக்கு இங்கிலீஷ் இலக்கணமும் தையலும் சொல்லிக்கொடுத்தார்கள், கார்புரேட்டரைச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனாலும் கோளாறைத் தேட நானே இறங்கினேன்.

கொக்கி

சேலத்து மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என் மூக்குக்கு நேரே நீட்டினார். அடுப்புக்கரி தோற்றது. "சோக்கை இழுத்து உட்டுட்டே ஓட்டறீங்களா?" என்று கேட்டார். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப மட்டும் இழுக்கிற குமிழ் அது. கிளம்பியதும் உள்ளே தள்ளிவிட வேண்டும். எங்கள் டிரைவர் செங்கோடன் அண்ணன் தள்ளினேன் என்று குலசாமி மேல் சத்தியம் செய்தார்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகையில் நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். முன்சீட்டில் மாமியார். உட்கார்ந்ததும், தேங்காய் பழம் போட்ட மஞ்சப்பையை அந்தக் குமிழில் அழகாக மாட்டினார். ஒவ்வொரு குழிக்கும் குமிழ் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. "அத்தை!" என்று நான் போட்ட சத்தத்தில் செங்கோடன் அண்ணன் பிரேக்கையே மிதித்துவிட்டார். மாமியார் அசரவில்லை. "கொக்கியாட்டம் வெச்சா பையத்தான் மாட்டுவாங்க கண்ணு, பின்ன என்னத்தத் தொங்க உடறது?"

காற்று

மஞ்சப்பைக்குத் தனியாக ஒரு கொக்கி அடித்ததும் லிட்டருக்கு ஆறு வந்தது. மீதி எங்கே? டயரைக் காலால் உதைத்துப் பார்த்தேன், தலையணை மாதிரி அமுங்கியது. பங்க்சர் கடையில் அளந்தால், இருக்க வேண்டிய காற்றில் பாதிதான். ஓட்டையும் இல்லை, வால்விலும் பழுதில்லை. டயர் சப்பையாக இருந்தால் வண்டி தரையோடு இழுபடும், பெட்ரோல் கூடப் போகும்.

"நம்மூர்ல காத்தையுமா திருடுறாங்க, செங்கோடண்ணா?" என்றேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாந்தானுங்க அம்மணி எறக்கி உட்டேன். பெரியம்மாளுக்கு இடுப்பு நோவு. காத்து கல்லாட்டம் இருந்தா குழிக்குக் குழி 'அய்யோ'ங்கறாங்க. கேட்டுட்டு ஓட்ட முடியறதில்லீங்க."

புதன்

கான்வென்ட் தையல் கடைசியில் உதவியது. மாமியாருக்கு இலவம்பஞ்சில் கனமாக ஒரு மெத்தை தைத்துப் போட்டு, டயருக்கு முழுக் காற்றும் அடித்தேன். டாங்கியை வாய்வரை நிரப்பி, ஓட்டி, மறுபடி வாய்வரை நிரப்பிக் கணக்குப் பார்த்தேன். எல்லா நாளும் எட்டு, புதன்கிழமை மட்டும் ஐந்தரை. ஜீப்புக்குக் கிழமை தெரியுமா? இதற்குள் கெங்கவல்லிக்காரர் வந்து பானெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டும் போய்விட்டார்.

அடுத்த புதன் அப்பாவுக்கு ஊட்ட உட்கார்ந்தபோதுதான் ரச ஃபிளாஸ்க்கை வண்டியில் விட்டது தெரிந்தது. வெளியே வந்தேன். தெரு முழுக்கத் தறிச்சத்தம், வேறெதுவும் காதில் விழாது. ஆனால் ஜீப்பின் பானெட் நடுங்கிக்கொண்டிருந்தது. வந்து அரைமணியாகியும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது! வாராவாரம் நான் கிளம்பும்போது எஞ்சின் தயாராக ஓடும். என் அவசரம் தெரிந்த டிரைவர் என்று மெச்சிக்கொண்டிருந்தேன், பாருங்கள்.

"பெட்ரோல் என்ன கெணத்துத் தண்ணியா?" என்று பாய்ந்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "நிறுத்துனா மறுக்கா ஸ்டார்ட் பண்ணோணும்ங்க அம்மணி. அந்தக் கரகர சத்தம் மட்டும் தறிச்சத்தத்தையும் தாண்டி உள்ள கேக்குது. கேட்டதும், நீங்க கெளம்பிட்டீங்கன்னு ஐயாவுக்குக் கண்ணுல தண்ணி வந்துருதுங்க. சன்னல் வழியா ரெண்டு வாட்டி பார்த்தேன்."

சரிவு

சாதம் ஊட்டியதும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பாத்திரத்தோடு சமையலறைக்குப் போய், அண்ணியிடம் சொல்லிக்கொண்டு அப்படியே கிளம்பிவிடுவது என் வழக்கம். அப்பா கண்ணயர்ந்திருப்பார் என்று நானாக நினைத்துக்கொள்வேன். சன்னலுக்கு வெளியே இருந்தவர் கண்ணில் பட்டது எனக்குப் படவில்லை.

எஞ்சினை அணைக்கச் சொன்னேன். அன்றைக்கு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் நிஜமாகவே தூங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். அண்ணன் வீட்டிலிருந்து பிள்ளையார் கோயில்வரை தெரு நல்ல சரிவு. பின்னாலிருந்து நானே ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு ஏறிக்கொண்டேன். ஜீப் சத்தமில்லாமல் உருண்டு, கோயில் முனை திரும்பிய பிறகுதான் ஸ்டார்ட் ஆனது. அந்தப் புதனும் எட்டு கிலோமீட்டர். வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். மறுவாரம் அவரும் கூட வந்து, வேட்டியை மடித்துக்கட்டி வண்டியைத் தள்ளினார். கெங்கவல்லிக்காரர் மறுபடி வந்தபோது என் வீட்டுக்காரர் திண்ணமாகச் சொல்லிவிட்டார்: "ஜீப்பு விக்கறதில்லீங்க. புதங்கெழமை தள்றதுக்கு வேணும்னா ஒரு கை குறையுது, வாங்க."

ஆக, கோளாறு என்று எங்கள் ஜீப்பில் நான் கை வைத்த இடத்திலெல்லாம் ஒரு மனுஷர் இருந்தார். உண்மையில் ரிப்பேர் செய்ய வேண்டியிருந்த ஒரே பார்ட், பின்சீட்டில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.