ஜெகா அண்ணனின் நாலு தாலி

ஜெகா அண்ணன் போய்விட்டார். நேற்று முன்தினம் காலை, தாப்பா பக்கம், ஹைவே ஓரத்தில்.

எங்கள் ஈப்போ கம்பெனியில் கார்களை ஏற்றிப்போகும் லாரி ஓட்டியவர். மேல் தட்டில் இருந்த கார் ஆடுகிறது என்று ஓரம்கட்டி, அதைக் கட்டியிருந்த பட்டையை இறுக்க ஏறியிருக்கிறார். விழுந்துவிட்டார்... அவ்வளவுதான்.

மலாய் மொழியில் கயிற்றுக்குப் பேரே தாலிதான். கார் சக்கரத்தை இறுக்கும் பட்டையையும் எங்கள் யார்டில் அப்படித்தான் சொல்வோம். "வீட்டுல ஒரு தாலி கட்டுனேன், அதுவே என்னைய இறுக்குது. இங்க ஒரு காருக்கு நாலு தாலி லா, கிராணியம்மா!" என்பார்.

கிராணியம்மா நான்தான். எஸ்டேட்டில் கிளார்க்கைக் கிராணி என்பார்கள்; ஆபீசில் டைப் அடிப்பவளுக்கு, அங்கே பிறந்த மனுஷன் வைத்த பேர்.

மற்றவர்கள் அவசரத்துக்கு இரண்டு சக்கரத்தைக் கட்டிவிட்டுக் கிளம்புவார்கள். இவர் நாலையும் கட்டுவார். தாப்பாவுக்கு ரொம்ப முன்னாடியே, கோப்பெங் ஊர் வந்ததும் நிறுத்தி, ஏறி, ஒவ்வொன்றையும் மறுபடி இறுக்குவார். "கொஞ்ச தூரம் ஓடுனா எந்தக் கட்டும் லொங்கார் ஆயிரும்மா, இழுத்து விடணும்."

ஜிபிஎஸ்ஸில் அது அனுமதியில்லாத நிறுத்தம். மேனேஜர் கையெழுத்துடன் மூன்று வார்னிங் லெட்டர். மூன்றையும் டைப் அடித்தது நான்.

மூன்றாவதை வாங்கும்போது அவர் சிரிக்கவில்லை. "சரிம்மா, இனிமே நிக்கல. இந்த வயசுல வேற எவன் வேலை குடுப்பான்?" என்று கையெழுத்துப் போட்டார். நான் பேனாவைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டேன். சீ... என்னை நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது.

நேற்று சாவு வீடு. உள்ளே அண்ணியின் தாலியைக் கழற்றுகிறார்கள். வாசலில் எங்கள் மேனேஜர் போனில், "தாலி லொங்கார்... சலா டிரைவர் லா" என்கிறார். கட்டு தளர்ந்துவிட்டதாம், தப்பு டிரைவர் மேலாம்.

இன்று காலை அதே மனுஷன் ரிப்போர்ட் டைப் அடிக்கச் சொல்கிறார். 'டிரைவர் வழியில் நிறுத்திக் கட்டுகளைச் சோதிக்கத் தவறினார்.'

த்தூ. நிறுத்தினால் லெட்டர் கொடுத்த அதே கை!

நான் அடிக்கவில்லை. மூன்று லெட்டரின் காப்பியையும் எடுத்துக்கொண்டு நேராக அண்ணி வீட்டுக்குப் போனேன். செத்தவர் தலையில் பழியைக் கட்ட வந்தால் இதைக் காட்டுங்கள் என்று கொடுத்தேன். அடித்தது நான்தான் என்றும் சொன்னேன்.

அண்ணி மூன்றாவது லெட்டரின் தேதியைப் பார்த்தார். "தெனம் கோப்பெங்குல நின்னு எனக்கு போன் அடிப்பாருமா... திடீர்னு போன் அடிக்கிறத நிறுத்திட்டாரு. ஏன்னு தெரியாம நான் சண்டை போட்டேன்..."

நாளைக்கு எனக்கு வேலை இருக்குமா தெரியாது. இருந்தாலும் அந்த நாற்காலியில் உட்காரக் கூசுகிறது.

போயிட்டு வாங்க அண்ணே. கோப்பெங்குல நின்னு போங்க... கிராணியம்மா இனிமே லெட்டர் அடிக்க மாட்டா.