தொப்பி போட்ட கூம்பு பில்டர்

இதை எழுதப் பல வருடங்களாகக் கை வரவில்லை. எட்டாம் வகுப்போடு ஸ்பேனர் பிடித்தவன் என்பது நான் சொல்லிவந்த சாட்டு. உண்மையான காரணம் வெட்கம். இப்போது பிஸ்மி சொல்லித் தொடங்குகிறேன்.

நிந்தவூர் மெயின் ரோட்டில் என் மோட்டார் சைக்கிள் கராஜ். மீன் வியாபாரி றபீக் என் வாடிக்கையாளர்; அண்ணன் முறையில் என்னைக் 'காக்கா' என்பார். காலையில் பைக்கில் ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டியைக் கட்டி, சாகாமம் பக்கத்து வயல் ஊர்களுக்குப் போய் வீடு வீடாக மீன் விற்பார். அந்த பைக் ஓடினால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும்.

ஒரு நாள் கராஜில் தொங்கிய கூம்பு பில்டரைக் கண்டுவிட்டார். கம்பனி எயார் பொக்ஸைக் கழற்றிவிட்டு, காபரேட்டரின் வாயிலேயே பூட்டுகிற திறந்த பில்டர் அது. ஒரு வருடமாக விலைபோகாமல் கிடந்தது.

"காக்கா, இதப் போட்டா இழுவ கூடுமா?"

"கொஞ்சம் கூடும். சத்தந்தான் நல்லாக் கூடும்."

"அப்ப போடுங்க. சத்தத்தக் கேட்டே பொண்டுகள் சட்டியோட வாசலுக்கு வந்திருவாங்க. ஹோன் அடிக்கிற வேல மிச்சம்."

வயல் வெட்டு, அதாவது அறுவடை, நெருங்கியிருந்தது. வெட்டு மெசின் ஓடும் பாதையில் பதரும் சுணையும் பறக்கும். இந்த மலிவுக் கூம்பின் வலை அதைத் தடுக்காது. தூசி உள்ளே போனால் பிஸ்டன் தேயும். எல்லாம் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. காபரேட்டரில் பெற்றோலை அளந்து விடுகிற ஜெட்டை மாற்றிப் பூட்டிக் கொடுத்தேன்.

வெட்டுத் தொடங்கிய கிழமையே போன் வந்தது.

"காக்கா, குளக்கட்டடியில நிக்கன். பைக் இருமி இருமி நிண்டு போச்சு. பெட்டி நிறையச் சூரை இரிக்கி."

இஞ்சின் போய்விட்டது என்றே நினைத்தேன். கழற்றி வைத்திருந்த அவருடைய எயார் பொக்ஸை என் பைக்கில் கட்டிக்கொண்டு, வழி முழுக்க துஆக் கேட்டபடி போனேன்.

போய்ப் பார்த்தால், பில்டரின் தலையில் ஒரு தொப்பி! றபீக்கின் பழைய தொழுகைத் தொப்பி. அளவெடுத்துப் பின்னியதுபோல் இறுகி, மேலெல்லாம் பதர் அப்பியிருந்தது.

"இதென்ன தம்பி?"

"வெட்டுத் தொடங்கின அண்டே மாட்டினன் காக்கா. ஒரே தூசி. பாவம், அதுக்கும் ஒரு தொப்பி இரிக்கட்டும் எண்டு."

பிளக்கைக் கழற்றினேன். கரி பிடித்திருந்தது. காற்றில்லாமல் மூச்சடைத்துத்தான் பைக் நின்றிருக்கிறது. காபரேட்டரின் வாய்க்குள் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்தேன். ஒரு தூசி இல்லை. அல்ஹம்துலில்லாஹ். இஞ்சின் தப்பிவிட்டது.

அதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"தம்பி, இந்தப் பாதைக்கு இது சரிவராதெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். தெரிஞ்சும் சொல்லல்ல. மன்னிச்சிருங்க."

அவர் மீன் பெட்டியைத் திறந்து ஐஸைப் பார்த்துவிட்டு மூடினார்.

"அப்ப என்ட தொப்பிக்கிரிந்த புத்தி உங்களுக்கு இல்லாமப் போச்சே, காக்கா!"

பிறகுதான் சிரித்தார். எனக்கும் மூச்சு வந்தது. எயார் பொக்ஸையும் பழைய ஜெட்டையும் பூட்டி, பிளக் மாற்றி, லுஹர் தொழுகைக்கு முதல் பைக்கைக் கிளப்பினோம். சூரை முழுக்க விற்றுப்போனது.

இப்போது கூம்பு கேட்டு யார் வந்தாலும், "எந்தப் பாதையால ஓடுவீங்க?" என்றுதான் முதலில் கேட்கிறேன். கல்முனைக்குடிக் கடைத்தெருவில் ஓடுபவர் தரமான கூம்பு போடலாம், ஜெட்டும் அதற்குப் பொருந்த வேண்டும். வயலுக்கும் கடற்கரை மணலுக்கும் போகிறவருக்கு கம்பனி எயார் பொக்ஸ்தான். உள்ளே இருக்கும் பில்டரை நல்லதாகப் போட்டால் போதும். மாரியில் தண்ணீர் நிற்கும் ரோட்டுக்கும் அதுதான்.

றபீக் இந்தக் கதையைத் தேத்தண்ணிக் கடைகளில் சொல்லாத நாளில்லை. ஆட்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் என் மரியாதையைக் காப்பாற்ற, "காக்காக்கும் அது தெரியாதுதானே" என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுவார். நானும் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவேன்.

அதனால்தான் எழுதினேன். பைக் வைத்திருப்பவர்களுக்கும் பைக் திருத்துபவர்களுக்கும் இதைக் காட்டுங்கள், எழுதியிருக்கிறபடியே காட்டுங்கள். எனக்குத் தெரிந்திருந்தது என்பதை என்மேல் இரக்கப்பட்டு யாரும் எடுத்துவிட வேண்டாம்.